இராவணன் கோட்டைக்குப் படகு என்று யாராவது சொன்னால் காசு போடாதீர்கள்

நேற்றுக் காலை ஆறு மணிக்குத் தென்னிலங்கையில் கிரிந்தைக் கடற்கரையில் 71 வயது அப்பாவோடு நின்றேன். படகு இல்லை, ஆள் இல்லை, போன் ஓஃப். 48,000 ரூபா போய்விட்டது. வயிறு எரிகிறது.

அப்பா இளவயதில் திஸ்ஸமகாராமையில் வேலை பார்த்தவர். இரவில் கிரிந்தையில் நின்றால் நடுக்கடலில் வெளிச்சம் வந்து வந்து போகுமாம். பெரிய பாசஸ் பாறைத்திட்டு வெளிச்சவீடு அது; அதைத்தான் இராவணன் கோட்டை என்கிறார்கள். ஒருதடவையாவது கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும் என்பார். அதற்காகத்தான் சமூக வலைத்தளத்தில் ஒரு சுற்றுலாப் பக்கத்தைப் பிடித்தேன்.

ஆள் குரல்பதிவு அனுப்பினான். இரும்பில் கட்டத் தொடங்கிக் கைவிட்டது, பிறகு ஸ்கொட்லாந்துக் கருங்கல்லைக் கப்பலில் கொண்டுவந்து 37 மீற்றர் உயரத்துக்குக் கட்டி 1873 மார்ச் 10 விளக்கேற்றியது, 1961இல் அந்தப் பாறையடியில் ஔரங்கசீப் காலத்து வெள்ளிக்காசு அகப்பட்டது, எல்லாம் சரியாகச் சொன்னான். "ஐயாவை விளக்கறை வரைக்கும் ஏத்திக் காட்டுறன் அண்ணா" என்றான். கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழும்பிப்போய்த் தொப்பியைத் தேடினார். அன்றிரவே 48,000 ரூபாவையும் வங்கியில் போட்டேன்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துப் பதறிவிட்டார். "மகன், கச்சான் காத்து, தென்மேற்குக் காத்து எழும்பின நேரம் அங்க எவன் போவான்? மார்ச் நடுவில இருந்து ஏப்ரல் நடுவரைக்கும்தான் கடல் விடும். மேல ஏற ஒருத்தரையும் விடவும் மாட்டாங்க." அதைக் கட்டினவர்களே கடல் அடங்கின மாதங்களில்தான் கல் இறக்கினார்கள். இவன் எனக்கு ஜூன் மாதத்தில் திகதி தந்திருக்கிறான்!

மத்தியானம் போன் வேலை செய்தது. "கடல் எங்கட கையில இல்ல அண்ணா." பிறகு, "முதலாளியோட கதைச்சிட்டுச் சொல்றன்." பிறகு, "முற்பணம் திருப்பித் தாறதில்ல." நான் கொடுத்தது முற்பணமில்லை, முழுக்காசு, 48,000 ரூபா! இரவு என்னை புளொக் பண்ணிவிட்டான். அப்பா ஒன்றும் பேசவில்லை. தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது முடியவில்லை. கச்சான் காலத்தில் திகதி தந்தால் நம்பாதீர்கள். மேலே ஏற்றுகிறேன் என்றால் பொய். படகைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வங்கிச் சீட்டு கையில் இருக்கிறது, பொலிசுக்குப் போகிறேன். இதேபோல் காசு போட்டவர்கள் இருந்தால் எனக்குத் தகவல் போடுங்கள், சேர்ந்து முறையிடலாம்.