வெளிநாட்டுப் பயண ஸ்க்ராப்புக்: லிங்க்கா, ஃபைலா?

படம், வீடியோ, குரல், டிக்கெட், வரைபடம் எல்லாம் சேர்த்து ஒரு வெளிநாட்டுப் பயணத்தை டிஜிட்டல் ஸ்க்ராப்புக்காக ஆக்க, வீட்டில் இருந்தபடியே மூன்று வழிகள் கைக்கெட்டுகின்றன. கூகுள் ஃபோட்டோஸ் ஆல்பம், டிசைன் செய்யும் தளமான கேன்வா, அப்புறம் லேப்டாப்பில் ஏற்கெனவே கிடக்கும் பவர்பாயிண்ட். அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரும் பினாங்கும் போய் வந்தபிறகு மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தேன். முடிவில் பவர்பாயிண்டில் போய் நின்றேன். ஆபீஸ் மீட்டிங்குக்குப் போடுகிற சமாச்சாரம் என்று தங்கச்சி சிரித்தாள். சிரிக்கட்டும்.

கூகுள் ஃபோட்டோஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. படங்களைத் தேர்ந்தெடுத்து, ஆல்பமாக்கி, லிங்க்கை குடும்ப குரூப்பில் போட்டால் வேலை முடிந்தது. வியாசர்பாடியில் இருக்கும் பெரியம்மா பையன் அன்றைக்கு ராத்திரியே பார்த்துவிட்டான். நடுவில் எழுத்து சேர்க்கலாம், இடத்தைக் குறிக்கலாம். ஆனால் தனியாகப் பதிவு செய்த குரலை அதில் வைக்க வழியில்லை. ஒரு டிக்கெட்டையும் ஒரு படத்தையும் நம் இஷ்டப்படி ஒரே பக்கத்தில் ஒட்டவும் முடியாது. படங்களை வரிசையாக அடுக்கித் தரும், அவ்வளவுதான். இலவச இடம் 15 ஜிபி, அதில் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பங்கு உண்டு. கணக்கில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு போயிற்று.

கேன்வா அழகில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் பத்திரிகைப் பக்கம் மாதிரி வந்து நிற்கிறது. எனக்கு ஒத்துவராதது அந்த அழகுதான். பயணம் என்று தேடினால் விமானம், பாஸ்போர்ட், பனைமரம், இளஞ்சிவப்புப் பின்னணி. பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளுக்கு 2018-இல் அடித்த வண்ணமே ஒரு திருவிழா. அதன்மேல் கேன்வா தரும் ரெடிமேட் டெம்ப்ளேட்டின் பூவையும் வைத்தால் முருகனைத் தேட வேண்டியிருக்கிறது, இத்தனைக்கும் அந்தச் சிலை 42.7 மீட்டர் உயரம். இலவசக் கணக்கில் ஏற்றிக்கொள்ள 5 ஜிபி தருகிறார்கள். காசுக்கான படங்களைத் தொட்டால் மேலே வாட்டர்மார்க் வரும். காசு கட்டும் திட்டத்தை நான் வாங்கிப் பார்க்கவில்லை, அதனால் என் தீர்ப்பு இலவசத்துக்கு மட்டும். கல்லூரியில் நாளைக்கே காட்ட வேண்டும், இன்ஸ்டாகிராமில் போட வேண்டும் என்றால் யோசிக்காமல் கேன்வாவுக்கே போகலாம்.

ஸ்க்ராப்புக் என்பது இன்றைக்குக் காட்டுவதற்கு மட்டும் என்றால் மேலே சொன்ன இரண்டில் எதுவும் போதும். பத்து வருஷம் கழித்துத் திறக்குமா என்பதுதான் என் கேள்வி. எங்கள் வீட்டு பீரோவில் அம்மாவின் கல்யாண வீடியோ கேசட் பத்திரமாக இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. உலகத்திலேயே கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பான் நிறுவனமான ஃபுனாய்கூட 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட்டாவது கையில் இருக்கிறது, எங்காவது கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். லிங்க் அப்படி இல்லை. படங்களுக்கான கூகுளின் பிகாசாவை 2016-இல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது, அதில் இருந்த படங்களையும் அழித்தார்கள். 2019-இல் படம் ஏற்றும் தளமான ஃப்ளிக்கர் இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு போட்டது. ஒரு காலத்தில் பக்கம் புரளும் டிஜிட்டல் ஆல்பங்களை ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்துகொண்டிருந்தார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கு ஆதரவு நின்றது. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கூகுள் கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கலாம் என்பது இப்போதைய விதி.

இதற்கெல்லாம் மேல் போன் நம்பர் ஒன்று இருக்கிறது. கணக்குக்குள் போக ஓடிபி, ஓடிபிக்கு நம்பர், நம்பருக்கு ரீசார்ஜ். பெரியவர்கள் பெயரில் கணக்கு தொடங்கி அதில் ஆல்பம் வைத்திருந்தால், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் வேறு யாருக்கோ போன பிறகு அந்த ஆல்பத்தை யார் திறப்பது? ஆன்லைன் ஆல்பத்தை வைத்துக்கொள்வது என்றால் அந்தக் கணக்கு, அந்த பாஸ்வேர்டு, அந்த நம்பர், அந்தக் கம்பெனி என நாலையும் உயிரோடு வைத்துக்கொள்வது.

பவர்பாயிண்ட் ஃபைலுக்கு இந்த நாலும் வேண்டாம். பிபிடிஎக்ஸ் என்ற வடிவம் 2007 ஆபீஸோடு வந்தது, 2008-இல் ஐஎஸ்ஓ என்ற அமைப்பின் உலகத் தரமானது. மைக்ரோசாஃப்ட் இல்லாவிட்டாலும் இலவச லிப்ரே ஆபீஸ் திறக்கிறது, எழுத்து இங்கும் அங்கும் நகர்ந்தாலும் விஷயம் நிற்கிறது. என்னை முழுசாக இந்தப் பக்கம் இழுத்தது வேறொன்று. அந்த ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘பிபிடி’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’ என்று இன்னொன்று. நாம் வைத்த படம், வீடியோ, குரல் எல்லாம் அங்கே சாதாரண ஜேபெக், எம்பி4, எம்பி3 ஃபைல்களாக உட்கார்ந்திருக்கும். நாளைக்குப் பவர்பாயிண்டே இல்லாமல் போனாலும் உள்ளே இருப்பது போகாது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சேமிக்கும்போது படங்களைத் தானாகவே சுருக்கிவிடும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மூலப் படங்களை எப்படியும் தனி ஃபோல்டரில் வைக்க வேண்டும், மூட்டைக்குள் போனதும் அவற்றின் பெயர்கள் இமேஜ்1, இமேஜ்2 என்று ஆகிவிடுகின்றன.

குரல் வைப்பதிலும் இதுதான் கைக்கு அடக்கம். கூகுள் ஸ்லைட்ஸிலும் ஒலி சேர்க்கலாம். ஆனால் அந்த ஒலி டிரைவில் தனியாக இருக்க வேண்டும், அதற்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்க விட்டுப்போனால் பார்ப்பவருக்கு ஸ்பீக்கர் படம் தெரியும், சத்தம் வராது. பவர்பாயிண்டில் ஒலி ஃபைலுக்குள்ளேயே போய்விடுகிறது. பத்துமலைப் படி ஏறும்போது பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, “இன்னும் எத்தனைடி இருக்கு?” என்று கேட்டது என் போனில் பதிவாகியிருந்தது. படிகளின் படத்தை முழுப் பக்கத்துக்கு வைத்து, பக்கம் வந்ததும் அந்தக் குரல் தானாக ஓடும்படி செய்தேன். ரொட்டி சானாய் கடையில் மாவை வீசித் தட்டுகிற சத்தம் இன்னொரு பக்கத்தில். கண்ணை மூடிக் கேட்டால் தண்டையார்பேட்டை பரோட்டாக் கடையேதான்.

பக்கத்தை நாமே அமைக்கிற சுதந்திரத்துக்கு ஒரு உதாரணம். பினாங்கிலும் ஒரு ஜார்ஜ் டவுன், சென்னையில் நமக்கும் ஒரு ஜார்ஜ் டவுன். அங்கே இருப்பது 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சூலியா தெரு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் எல்லாம் நடக்கும் தூரம். ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பாதியில் மண்ணடித் தெரு, வலது பாதியில் சூலியா தெரு என்று வைத்தேன். கடையும் பள்ளிவாசலும் கோயிலும் தோளோடு தோள் இடிப்பது இரண்டு பாதியிலும் அப்படியே இருக்கிறது. இந்தப் பக்கத்தை எந்த டெம்ப்ளேட்டும் எனக்காகச் செய்து வைத்திருக்காது. முதல் பக்கத்தில் மலேசிய வரைபடத்தை வைத்து, ஊர்ப் பெயரைத் தொட்டால் அந்த ஊர்ப் பக்கத்துக்குப் போகும்படி லிங்க் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது.

தமிழ் எழுத்து தனிக் கதை. டிடிபி கடையில் பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்து வாங்கினால், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸ் 8-இலிருந்து கூடவே வரும் நிர்மலா யுஐ ஃபாண்ட் போதும், பார்க்கச் சுமார்தான், ஆனால் எங்கும் உடையாது. அழகான வேறு ஃபாண்ட் வேண்டுமென்றால், சேமிக்கும்போது ஃபாண்டையும் ஃபைலுக்குள் சேர்க்கும் வசதி ஆப்ஷன்ஸில் இருக்கிறது.

குறை இல்லையா? இருக்கிறது. டிவியில் பென் டிரைவைச் செருகினால் பிபிடிஎக்ஸ் ஓடாது. அதற்கு எக்ஸ்போர்ட்டில் போய் எம்பி4 வீடியோவாக எடுக்க வேண்டும், குரலும் வீடியோவும் அதில் வந்துவிடும், தொட்டால் தாவும் லிங்க்குகள் மட்டும் செத்துவிடும். வீடியோ நிறைய சேர்த்தால் ஃபைல் பெருத்து லேப்டாப் முனகும், அதனால் ஊருக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துக்கொண்டேன். பென் டிரைவ் ஃபாட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும்.

ஃபைல் என்றால் அது இருக்கும் பொருளையும் காப்பாற்ற வேண்டும், இதில் லிங்க் கட்சிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களைக் கேட்டால் தெரியும், போட்டோ ஆல்பங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை உப்புக்காற்று வேறு. அதனால் ஒரு காப்பி லேப்டாப்பில், ஒன்று அம்பத்தூரில் அண்ணன் வீட்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று கூகுள் டிரைவில். லிங்க்கைத் திட்டிவிட்டு அதிலேயே ஒரு காப்பியா என்றால், ஆமாம், மூன்றில் ஒன்றாக இருக்கும்வரை சரி. பென் டிரைவை மட்டும் நம்பிப் பல வருஷம் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், மின்சாரம் படாமல் கிடந்தால் அதில் எழுதியது மெல்ல மங்கும்.

மேக் வைத்திருப்பவர்களின் கீநோட்டைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் மேக் இல்லை. ஐபோன் படங்கள் மட்டும் பெரியம்மா பையன் வழியாக வந்தன. 2017-க்குப் பிறகு ஐபோன் ஹெச்இஐசி வடிவத்தில் எடுக்கிறது, பழைய லேப்டாப்பில் அது திறக்க மறுக்கும், ஜேபெக்காக மாற்றிய பிறகே உள்ளே வைத்தேன்.

எந்த வழியில் செய்தாலும், படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள். எடுத்த இடமும் நேரமும் அதில் கழன்றுவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போர்டிங் பாஸ், ஓட்டல் பில் எல்லாம் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தெர்மல் தாள். சும்மா வைத்தாலே சில மாதங்களில் எழுத்து வெளுக்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் அந்தச் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். ஊரிலிருந்து திரும்பிய வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள், போன் கேமராவில் எடுத்தாலும் போதும்.