கராத்தேயா, சிலம்பமா, பாக்ஸிங்கா, ஜூடோவா?

தற்காப்புக்கு எதில் சேரலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வகுப்பில் எதிரில் நிற்பவர் நிஜமாகவே உங்களைத் தடுப்பாரா, அடிக்க வருவாரா? பெல்ட்டின் நிறம் இதைச் சொல்லாது.

தெருவுக்குத் தெரு கிடைப்பது கராத்தே. கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள், மட்டுமே ஓடும் வகுப்பென்றால் உடம்பு வளையும், ஒழுங்கு வரும், அவ்வளவுதான். குமித்தே, அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சி, இருந்தால் தூரத்தைக் கணிக்கக் கண் பழகும். ஆனால் போட்டியில் கைக்குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் 3. புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்திவிடுவார். அடித்ததும் நின்றுபோகும் அந்தப் பழக்கம் வெளியே கைகொடுக்காது.

சிலம்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலடி சுத்தமாக வரும். என்ன செய்ய, நெற்றி உயரக் கம்போடு யாரும் டவுன் பஸ்ஸில் ஏறுவதில்லை. வெறுங்கையால் சண்டையிடும் குத்துவரிசையும் சொல்லித்தரும் ஆசான் அமைந்தால் கணக்கு வேறு.

பாக்ஸிங்கில் கற்பது கொஞ்சம்: ஜாப், கிராஸ், ஹூக், அப்பர்கட் என நான்கு வகைக் குத்து. அதையே ஆயிரம் முறை அடிப்பீர்கள். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், மூக்கில் ஒன்று வாங்கி, கண்ணில் தண்ணீர் முட்டும்போதும் கையைக் கீழே போடாமல் நிற்கிறீர்களே, அதுதான் லாபம். ஆறு மாதத்தில் அது ஓரளவு வரும். ஆனால் கிளவுஸ் இல்லாமல் மண்டையில் குத்தினால் உங்கள் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் முதலில் போகும். கட்டிப்பிடித்துத் தள்ளுபவனுக்கும் அதில் பதிலில்லை.

அதற்கான பதில், ஆளைப் பிடித்து வீழ்த்தும் ஜூடோவில் உண்டு. 1882இல் ஜப்பானில் கானோ ஜிகோரோ தொடங்கியது. ராண்டோரி என்ற பயிற்சி ஆட்டத்தில் எதிராளி முழு பலத்தோடு முரண்டுபிடிப்பார். சட்டையைப் பிடித்து இழுப்பவனைச் சமாளிக்க இதுதான் நேரடிப் பயிற்சி. குத்து வந்தால் திணறும்.

என் ஓட்டு ஜூடோவுக்கு, அடுத்து பாக்ஸிங். ஆனால் இரண்டிலும் எடைப்பிரிவு வைத்திருப்பது சும்மாவா? 50 கிலோ பெண் 80 கிலோ ஆளை வீழ்த்துவது ரீல்ஸில் சுலபம். நிஜத்தில் பிடியை உதறிக்கொண்டு ஓட இரண்டு நொடி கிடைத்தாலே பெரிது. கத்தி என்றால் நான்கிலும் விடை ஒன்றே: போனைக் கொடுத்துவிட்டு நகருங்கள், பிறகு அவசர எண் 112. விழுந்தவனை மேலும் மிதித்தால் தற்காப்பு உரிமை உங்களைக் காக்காது. தேவைக்கு மிஞ்சிய தாக்குதலுக்குச் சட்டம் இடம்தரவில்லை.

என் அக்கா மகள் இரண்டு வருடமாக ஜூடோ போகிறாள். முதல் மாதம் முழுக்க அடிபடாமல் விழுவதற்குத்தான் பயிற்சி. இதுவரை அது பயன்பட்டது ஒரே முறை, மழையில் ஸ்கூட்டர் வழுக்கியபோது.