சாய்ந்து நிற்கும் ஆறு சிலிண்டர்: கிறைஸ்லர் ஸ்லான்ட் சிக்ஸ், இன்று வாங்கத் தகுமா?

பழைய அமெரிக்கக் கார் என்றாலே பேச்சு வி8 பக்கம் போய்விடும். மஸ்டாங், கமாரோ, சார்ஜர் என்று அடுக்குவார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு வாசலில் நின்றதோ, நீளமான ஒரே இருக்கையும் ஸ்டியரிங் தண்டில் கியரும் கொண்ட சாதாரண ஆறு சிலிண்டர் கார்தான். அந்த வரிசையில் இன்றும் வாங்கி ஓட்டத் தகுந்தது எது என்று கேட்டால், கிறைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ் டார்ட்டிலும் பிளிமத் வேலியன்ட்டிலும் வந்த ஸ்லான்ட் சிக்ஸ் இன்ஜின் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் 'அழிக்கவே முடியாத இன்ஜின்' என்ற பேச்சை நம்பிக் கவனிக்காமல் விட்டால், இதுவும் செத்துப்போகும்.

1960 மாடல் வேலியன்ட்டோடு இது வெளிவந்தது. வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வில்லம் வீர்ட்மன். சிலிண்டர் வரிசை வலப்பக்கமாக 30 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் பானெட்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது. வாட்டர் பம்பை முன்னால் நீட்டாமல் பக்கவாட்டில் ஒதுக்கியதால் நீளமும் குறைந்தது. பெரிய லாபம் இன்டேக் பக்கம், அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் பக்கம், கிடைத்த இடம். அதே காலத்து ஃபோர்டு ஃபால்கனின் ஆறு சிலிண்டரில் இன்டேக் பாதையை ஹெட்டோடு (சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பு) சேர்த்தே வார்த்துவிட்டார்கள். இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீண்டு வளைந்த தனிக் குழாய் போகிறது. கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வந்தது 170 கன அங்குலம், 101 குதிரைத்திறன். குடும்பக் காருக்கு 225-தான் சரி. போர் (சிலிண்டர் விட்டம்) 3.40 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 4.125 அங்குலம், 145 குதிரைத்திறன். 1972-ல் திறனை அளக்கும் முறை மாறியதால் அதே இன்ஜின் காகிதத்தில் 110 ஆனது. அதைப் பார்த்து இன்ஜினே பலவீனமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இது வேகமான இன்ஜின் இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் அவசரமில்லாமல் ஏறும், அதையே நாள் முழுக்கச் செய்யும். 1976 வரை கிரேங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு வகை. பிறகு வார்ப்பு வகை வந்தது. மெயின் பேரிங் நாலே நாலு என்று சிலர் குறை சொல்வார்கள். அவை அகலமானவை, இந்த வேகத்துக்குப் போதும். 1961 முதல் 63 வரை கொஞ்ச காலம் அலுமினிய பிளாக்கும் வந்தது. சேகரிப்பவர்களுக்கு அது பொக்கிஷம். தினம் ஓட்ட நினைப்பவர் இரும்பு பிளாக்கையே எடுக்கட்டும்.

இந்த இன்ஜினின் உயிர் டாப்பெட் இடைவெளியில், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடத்தில், இருக்கிறது. 1980 வரை எல்லாமே கையால் அட்ஜஸ்ட் செய்யும் டாப்பெட். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இன்டேக் வால்வுக்கு 0.010 அங்குலம், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.020 அங்குலம். மேல் மூடியைக் கழற்றினால் பன்னிரண்டு வால்வும் ஒரே வரிசையில் தெரியும். முதல் வால்வும் கடைசி வால்வும் எக்ஸாஸ்ட். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு உள்ளே போய்வர வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மிதமாக, சீராக டக் டக் என்று தட்டினால் அது ஆரோக்கியம். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று ஓடினால் சந்தேகப்படுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த பழைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் சீட் (வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) மென்மையானது. ஈயமில்லாத பெட்ரோலில் கடினமாக ஓட்டும்போது வால்வு சீட்டுக்குள் மெல்ல மெல்லப் புதையும், இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. வெப்பம் சீட்டுக்குப் போக வழியின்றி வால்வு விளிம்பு கருகிவிடும். விற்பவர் 'சத்தமே வராது' என்று பெருமை பேசினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஹெட்டை எப்படியும் கழற்றப் போகிறீர்கள் என்றால் எக்ஸாஸ்டுக்குக் கடினப்படுத்திய சீட் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்த பலவீனம் மேனிஃபோல்டு, அதாவது ஹெட்டோடு பொருந்தும் குழாய்த் தொகுப்பு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றோடொன்று மூன்று போல்ட்டில் இணைந்து, ஹெட்டோடு பொருந்துகின்றன. எக்ஸாஸ்ட் இரும்பு சூட்டில் நீளவாக்கில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அது நகர இடம் வேண்டும் என்பதற்காகத்தான் கம்பெனி தனி வடிவ வாஷர்களைக் கொடுத்தது. அவற்றைத் தொலைத்துவிட்டு, கசிவு நிற்கட்டும் என்று நட்டை முழுப் பலத்தோடு இறுக்கினால் மேனிஃபோல்டில் விரிசல் விழும். இரண்டு மேனிஃபோல்டையும் இணைக்கும் மூன்று போல்ட்டையும் முதலில் தளர்வாக விடுங்கள். ஜோடியாக ஹெட்டில் ஏற்றி, நட்டுகளை லேசாகப் பிடிக்கவைத்து, முகம் மட்டமாக உட்கார்ந்த பிறகு அந்த மூன்றை இறுக்குங்கள். கடைசியாக மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி 10 அடி-பவுண்டு மட்டும். கைக்கு 'போதாது' என்றே தோன்றும். அதுதான் சரியான அளவு.

எக்ஸாஸ்டுக்குள் ஒரு சின்னத் தகடும் உண்டு. குளிரில் அது மூடிக்கொண்டு சூட்டைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பும், சூடானதும் திறந்துகொள்ளும். வெளியே தெரியும் எடைக்கல்லை, இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் அசைத்துப் பாருங்கள். திறந்தபடி இறுகியிருந்தால் காலையில் பிக்கப் திணறும். மூடியபடி இறுகியிருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும்.

1974 வரையான ஹெட்டில் ஸ்பார்க் பிளக்குகள் அலுமினியக் குழாய்களுக்குள் உட்காரும். குழாயின் ரப்பர் வளையம் காய்ந்து கெட்டியானால் ஆயில் உள்ளே இறங்கி பிளக்கைச் சுற்றித் தேங்கும். ஆறு வளையங்களையும் ஒன்றாக மாற்றுங்கள். இந்தக் குழாயே பிளக்குக்குக் கேஸ்கெட் வேலை செய்வதால், புது பிளக்கோடு வரும் உலோக வாஷரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மின்பக்கம் இந்தக் கார்களுக்குப் பெருமையும் தலைவலியும் சேர்ந்தே வந்தது. டைனமோ பரவலாக இருந்தபோதே, 1960 வேலியன்ட்டில் ஆல்டர்னேட்டர் எல்லாக் காரிலும் பொருத்தியே வந்துவிட்டது. தலைவலி என்றால் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர்) இருக்கும் பீங்கான் ரெசிஸ்டர். சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கும், சாவியை விட்டவுடன் அணைந்துவிடும். இந்த அறிகுறி வந்தால் கார்புரேட்டரைப் பிரிக்காமல் முதலில் அந்த ரெசிஸ்டரைப் பாருங்கள். செல்ஃப் ஓடும்போது மின்சாரம் அதைத் தாண்டிப் போகிறது, ஓட்ட நிலையில் அதன் வழியாகத்தான் போக வேண்டும். புதியது ஒன்று எப்போதும் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும்.

அதைவிட ஆபத்தானது ஆம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) வயரிங். சார்ஜ் ஆகும் மின்னோட்டம் ஃபயர்வால் இணைப்பான் வழியே கேபினுக்குள் வந்து, ஆம்மீட்டர் வழியாகத் திரும்புகிறது. ஐம்பது வருடத் துருவில் இணைப்பு முனை சூடாகி பிளாஸ்டிக் உருகும். இணைப்பானைப் பிரித்துப் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்காமல் நீண்ட பயணம் போக வேண்டாம்.

பிரேக்கில் இன்ஜினுக்குக் கொடுத்த மதிப்பெண்ணைக் கொடுக்க முடியாது. 1966 வரை மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைப் பாதை. ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 முதல் இரட்டைப் பாதை. ஆறு சிலிண்டர் டார்ட்டின் 9 அங்குல டிரம் மழையில் போதவே போதாது. 1970 வரை இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடக்கை மரை கொண்டவை, அதாவது கழற்றும் திசை நேர்மாறு. ஸ்டட் நுனியில் குறி இருக்கும். தெரியாமல் நெம்பி ஸ்டட்டை முறித்தவர்கள் எத்தனையோ பேர்.

அழகுக்காக வாங்குகிறீர்கள் என்றால் 1967–69 டார்ட். ஓட்டவே வாங்குகிறீர்கள் என்றால் 1973–75 டார்ட் அல்லது வேலியன்ட், 225 இன்ஜின், முன்பக்கம் டிஸ்க் பிரேக். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனும் ஃபோர்ஜ்டு கிரேங்க்கும் சேர்ந்தே கிடைக்கும். பம்பர் தடிமனாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின் கண்ணாடியின் கீழ் மூலைகளிலும் டிக்கியின் தரையிலும், முன் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பிடிக்கும் குறுக்குச் சட்டத்திலும் துரு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் சரி செய்துகொள்ளலாம். அந்தச் சட்டம் அரித்துப்போன காரை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.