ஜப்பானுக்கு ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: கம்பெனி காட்டும் வீட்டில் கையெழுத்துப் போடும் முன்

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து ஆங்கிலம் நடத்தும் ஏஎல்டி வேலைக்குத் தேர்வானவர்களுக்கு, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வரும். "உங்களுக்கு வீடு தயார். இந்த வாரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்." எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த அவசரத்தை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை வேலைக்கு எடுத்தது பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு தனியார் நிறுவனம். டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாநிலத்தின் கிழக்குப் பக்கம் எனக்கு வேலை என்றார்கள். எந்தப் பள்ளி என்று கேட்டால், வந்த பிறகு தெரியும் என்றார்கள். வீடு எது என்பது மட்டும் அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஒரே வீடு, ஒரே புரோக்கர், ஆறு போட்டோக்கள். வாடகை 56,000 யென். நம்மூர் வாடகையோடு ஒப்பிடாமல் பார்த்தால் அது அநியாயமான தொகை இல்லை. அநியாயமெல்லாம் அதோடு கூட வந்த பட்டியலில் இருந்தது.

ஒரு மாத அட்வான்ஸ். ரெய்கின் ஒரு மாதம். இது வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பி வராது. புரோக்கர் கமிஷன் ஒரு மாதமும் வரியும். ஜாமீன் போட ஆள் இல்லாததால் உத்தரவாதக் கம்பெனிக்குக் கட்டணம். தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, கிருமிநாசினி அடிக்க 16,500 யென், '24 மணி நேர உதவி' என்று இன்னொரு 16,500. முதல் மாத வாடகையும் சேர்ந்து 3.3 லட்சம் யென்னைத் தாண்டியது. ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு முதல் சம்பளம் கைக்கு வந்தது மே கடைசியில். அதுவரை ஊரிலிருந்து கொண்டுபோன பணத்தில்தான் சாப்பாடு.

இந்தப் பட்டியலில் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் மூன்று. புரோக்கர் கமிஷன் குடிவருபவரிடம் அரை மாத வாடகைதான் என்பது பொது விதி. முழு மாதம் வாங்க வேண்டுமென்றால் வீடு தேட ஒப்புக்கொள்ளும்போதே உங்கள் சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்காத ஒரு நிறுவனம் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் டோக்கியோ உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தொகையைப் போட்டு பில்லை அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது, கிருமிநாசினி. பெரும்பாலும் இது வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய சேவை. 2018 டிசம்பரில் சப்போரோவில் ஒரு வீட்டு புரோக்கர் அலுவலகத்தில் பெரிய வெடிவிபத்து நடந்தது. வாடகை வீடுகளில் அடிக்க வைத்திருந்த சுமார் 120 ஸ்பிரே டப்பாக்களை ஊழியர்கள் உள்ளேயே காலி செய்ததால் நடந்தது அது. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிவிட்டு அடிக்காமல் விட்ட வீடுகள் இருந்தன என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. மூன்றாவது அந்த 24 மணி நேர உதவி. குளியலறைக் குழாய் ஒழுகிய இரவு அந்த எண்ணுக்கு அழைத்தேன். காலையில் வீட்டு நிர்வாகக் கம்பெனியைக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

விளம்பரத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 12 நிமிடம்' என்று போட்டிருந்தார்கள். ஜப்பானில் இந்தக் கணக்குக்கு ஒரு விதி இருக்கிறது: 80 மீட்டர் ஒரு நிமிடம். சிக்னலில் நிற்கும் நேரமும் ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரமும் அதில் சேராது. எங்கள் தெரு முனையில் இருந்த ரயில்வே கேட் காலை நேரத்தில் திறந்திருந்ததைவிட மூடியிருந்ததே அதிகம். அந்த ஸ்டேஷனில் சாதாரண ரயில் மட்டும்தான் நிற்கும், எக்ஸ்பிரஸ் நிற்காது. இதையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். எனக்குக் கொடுத்த இரண்டு பள்ளிகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தன. ரயிலும் போகாது, காலை நேரத்துக்குப் பொருந்துகிற பஸ்ஸும் கிடையாது. மழையோ பனியோ சைக்கிள்தான். டோக்கியோவின் புறநகரில் ஆசிரியருக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு என்பது பல நேரம் பயனில்லாத வசதி. பள்ளிகள் குடியிருப்புகளுக்கு நடுவில் சிதறிக் கிடக்கின்றன.

வீட்டுக்குப் போன பிறகு தெரிந்த இன்னொன்று கேஸ். நகர எரிவாயு குழாய் வழியாக வரும் வீடும் உண்டு, புரொப்பேன் சிலிண்டர் வீடும் உண்டு. கட்டிடத்தின் பின்னால் ஆளுயரச் சாம்பல் நிறச் சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டி நின்றால் புரொப்பேன். அதன் விலைக்கு அரசுக் கட்டுப்பாடு கிடையாது, கட்டிடம் முழுவதற்கும் ஒரே சப்ளையர், குடியிருப்பவர் மாற்ற முடியாது. ஜனவரியில் எனக்கு வந்த பில் 13,000 யென்னுக்கு மேல். அதே ஊரில் குழாய் கேஸ் இருந்த வீட்டில் தனியாகக் குடியிருந்த சக ஆசிரியை கட்டியது அதில் பாதிகூட இல்லை. கேஸ் கம்பெனிகள் வீட்டுக்காரருக்கு ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் இலவசமாக மாட்டிக்கொடுத்துவிட்டு அந்தச் செலவைக் குடியிருப்பவரின் கேஸ் பில்லில் ஏற்றுவது பல வருடமாக நடந்துவந்த வழக்கம். அரசு 2024 ஜூலையில் விதிகளை இறுக்கியது. 2025 ஏப்ரலிலிருந்து கேஸுக்குச் சம்பந்தமில்லாத கருவிகளின் செலவைப் பில்லில் சேர்க்கக் கூடாது. இருந்தாலும் வீட்டைப் பார்க்கும்போதே "குழாய் கேஸா, புரொப்பேனா? அடிப்படைக் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாடகை 5,000 யென் குறைவு என்று சந்தோஷப்பட்டது குளிர்காலத்தில் ஒரே பில்லில் போய்விடும்.

அடுத்த வருடம் நடந்ததுதான் முக்கியம். இந்தக் கம்பெனிகளுக்கும் நகராட்சிக் கல்வி வாரியத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் பல ஊர்களில் வருடா வருடம் டெண்டரில் முடிவாகிறது. எங்கள் கம்பெனி அந்த ஊர் டெண்டரை இழந்தது. என்னை வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். வீடு மட்டும் என் பெயரில், பழைய ஊரில். ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை அபராதம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நல்லவேளை, அந்த வருடம் முடிந்திருந்தது. எந்த ஊரில், எந்தப் பள்ளியில் என்று தெரியாமலேயே ஒருவரை இரண்டு வருட வீட்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவது எந்த வகையில் நியாயம்? இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. வீடு கம்பெனியின் பெயரிலேயே இருந்து உங்களுக்கு உள்வாடகைக்கு விட்டால் இன்னும் மோசம். வேலை போகும் நாளில் வீடும் போகக்கூடும்.

காலி செய்யும் நாளன்று கையில் டேப்லட்டோடு ஒரு இளைஞர் வந்தார். சுவரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் இருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் படிந்திருந்ததைப் போட்டோ எடுத்தார், காலண்டர் மாட்டிய பின் துளைகளை எண்ணினார், ஜன்னலோரம் வெயிலில் மங்கிய தரையையும் குறித்துக்கொண்டார். பிறகு பணிவாக டேப்லட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வந்த பில் 1,48,000 யென். அறை முழுவதற்கும் புது வால்பேப்பர், தரை, சுத்தம் செய்யும் கட்டணம்.

ஜப்பானின் நிலம், போக்குவரத்துத் துறை அமைச்சகம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் படியும் கறுப்பு, போஸ்டர் மாட்டும் பின் துளை, வெயிலில் மங்குவது எல்லாம் வழக்கமான தேய்மானம், செலவு வீட்டுக்காரருடையது. குடியிருப்பவரே வால்பேப்பரைக் கெடுத்திருந்தாலும் 6 வருடத்தில் அதன் மதிப்பு 1 யென் ஆகிவிடும் என்று கணக்குப் போடச் சொல்கிறது. 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட சிவில் சட்டத்திலும் வழக்கமான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள். என் பள்ளியில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அவர்கள் சொன்னபடி, வழிகாட்டியைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டு மெயில் அனுப்பினோம். இரண்டாவது பில்லில் சுத்தம் செய்யும் கட்டணம் மட்டும் 38,500 யென் இருந்தது. அது ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதியிருந்ததால் கட்டித்தான் ஆக வேண்டும். அட்வான்ஸில் அதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள்.

இப்போது கிளம்புகிறவர்கள் முதல் மாதம், மாதக் கணக்கில் விடும் தற்காலிக அறையிலோ ஷேர் ஹவுஸிலோ தங்குங்கள். கொஞ்சம் அதிகமாகத் தோன்றினாலும் என் பட்டியலோடு ஒப்பிட்டால் மலிவு. பள்ளி எது என்று தெரிந்த பிறகு, காலை நேரத்தில் அந்தப் பாதையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள். அரசு சார்ந்த வீட்டு நிறுவனமான யூஆரின் குடியிருப்புகளை முதலில் பாருங்கள். ரெய்கின், புரோக்கர் கமிஷன், ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம், ஜாமீன் எதுவும் கிடையாது. கசுகாபே ஊரில் தகேசாதோ, சோகா ஊரில் மட்சுபாரா என்று சைத்தாமாவிலேயே பெரிய குடியிருப்புகள் உண்டு. வருமான நிபந்தனை இருக்கிறது. அதற்கு எட்டாவிட்டால் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கட்டவும் வழி உண்டு. பழைய கட்டிடங்கள் சிலவற்றில் லிஃப்ட் இருக்காது, விளக்கும் திரைச்சீலையும் நாம்தான் வாங்கிப் போட வேண்டும். நான் இப்போது அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் நாலாவது மாடி ஏறி இறங்குகிறேன். நிம்மதியாக இருக்கிறேன்.

தனியார் வீடுதான் என்றால், ஒப்பந்தத்துக்கு முன்னால் புரோக்கர் நிறுவனத்தில் உரிமம் பெற்ற ஒருவர் தன் அட்டையைக் காட்டி முக்கிய விவரங்களை விளக்குவது சட்டப்படி கட்டாயம். வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் 2020 ஆகஸ்டிலிருந்து அவர் சொல்லியாக வேண்டும். கிழக்கு சைத்தாமா தாழ்ந்த நிலம். கசுகாபேயில் வெள்ளநீரைத் திருப்பிவிடத் தரைக்குச் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் சுரங்கமே தோண்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் தரைத்தள வீட்டைக் காட்டினால் வரைபடத்தைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். கட்டிடம் 1981 ஜூனில் அமலுக்கு வந்த நிலநடுக்க விதிப்படி கட்டியதா என்றும் அதே இடத்தில் கேளுங்கள். குடிபோன அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், சுவர், தரை, குளியலறை என்று எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து நிர்வாகக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள்.