கிராங்க் மாற்றச் சொன்னால் பழைய கிராங்கைக் கேட்டு வாங்குங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை, வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். கிருஷ்ணகிரி பைபாஸில் இருக்கிறது, வாசலில் எப்போது பார்த்தாலும் நாலு வண்டி நிற்கும்.

என்னிடம் இருப்பது ஒரே வண்டி. பத்து சக்கரம், ஆறு சிலிண்டர் டீசல். போன தீபாவளிக்கு முன்னால் கிரானைட் ஏற்றிக்கொண்டு சேலம் போகையில், தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே இன்ஜினில் டொக் டொக் என்று சத்தம். ஆயில் பிரஷர் முள் இறங்குகிறது, ஐடிலில் கேபினே ஆடுகிறது என்று டிரைவர் போன் செய்தார். பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். அது உடைந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாய்வாக உடைந்தால் இரண்டு துண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும். ஓட ஓட இன்ஜின் பிளாக்கும் சேர்ந்து போகும். நல்லவேளை, டிரைவர் அங்கேயே நிறுத்திவிட்டார். கட்டி இழுத்துக் கொண்டுவந்தோம்.

பட்டறையில் ஆயில் சேம்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "கிராங்க் போச்சுங்கண்ணா, புதுசு போட்டுடலாம்" என்றார்கள். ஏன் போனது என்று கேட்டதற்கு, "வண்டின்னா போகத்தானே செய்யும்." புது கிராங்க், பேரிங் செட், முன்பக்க டேம்பர் புல்லி, லேபர் எல்லாம் சேர்த்து 1.75 லட்சம். கம்பெனி அட்டைப்பெட்டியைக் காட்டினார்கள். பெட்டி ஒரிஜினல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பில் மட்டும் துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. உடைந்த கிராங்கைக் கேட்டால் காயலான் கடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள்.

மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் மறுபடியும் அதே சத்தம்.

இந்த முறை பாலக்கோடு ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் எதையும் கழற்றவில்லை. முன்னால் புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு, பின்னால் கிராங்கின் மறுமுனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் ஒரு கோடு போட்டு, கம்பியால் புல்லியை மெதுவாகத் திருப்பினார். புல்லி நகர்ந்த பிறகுதான் ஃப்ளைவீல் அசைந்தது. கிராங்க் இரண்டாகிவிட்டது என்று அதிலேயே தெரிந்துபோனது. அடுத்து புல்லியைக் காட்டினார். நடுவில் உள்ள ரப்பர் உப்பி வெளியே வந்திருந்தது, உள்வளையத்துக் கோடும் வெளிவளையத்துக் கோடும் நேராக இல்லை. கிராங்க் முறுக்கி அதிர்வதை வாங்கிக்கொள்வதற்குத்தான் அந்த ரப்பர். மாற்றியதாகப் பணம் வாங்கிய புல்லி அது, வண்டியோடு வந்த பழையதேதான்.

பிறகு கிராங்கை இறக்கி மேஜைமேல் வைத்தார். கிராங்கைச் சுற்றி உட்காரும் வளைந்த தகடான பேரிங் ஷெல்லின் முதுகைத் துடைத்துக் காட்டினால் 0.50 என்று அடித்திருக்கிறது. புது கிராங்குக்கு ஸ்டாண்டர்ட் சைஸ் ஷெல்தான் வரும். அரை மில்லி சிறிய சைஸ் என்றால் யாரோ ஓட்டித் தேய்ந்த கிராங்கைக் கிரைண்டிங் பிடித்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிரைண்டிங் பிடித்ததே குற்றமில்லை. கிராக் டெஸ்ட் பார்த்து, ஒழுங்காகக் கடைந்து, பழையது என்று சொல்லிப் போட்டால் அது பாட்டுக்கு ஓடும். இவர்கள் பிடித்த லட்சணம் வேறு. ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) போய் வெப்பில் (பக்கத்துத் தட்டையான கை) சேரும் மூலையில் வளைவு இருக்க வேண்டும், லேத்துக்காரர்கள் ரேடியஸ் என்பார்கள். இதில் நகத்தால் தடவினால் வெட்டுப்படுகிற மாதிரி கூர்மையாக விட்டிருக்கிறார்கள். உடைப்பு ஆரம்பித்ததும் அதே மூலையில்.

பட்டறைக்குப் போய்க் கேட்டால், "ஓவர்லோடு அடிச்சிருப்பீங்க சார்." முதலில் அண்ணா, இப்போது சார். பத்து சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன் வரை அனுமதி. என் எடைமேடைச் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சீட்டை விடுங்கள், கிராங்க் உடைந்த முகத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் கறுத்துப்போய், குளத்தில் கல் போட்டதுபோல் வளைய வளையமாகக் கோடு. கடைசி ஓரம் மட்டும்தான் பொரபொரவென்று புதிதாக இருக்கிறது. பாரம் தாங்காமல் ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுக்க அப்படித்தான் பொரபொரவென்று இருக்கும். இது அந்த மூலையில் விரிசல் விட்டு, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த உடைப்பு.

இரண்டு துண்டும், ஷெல்லும், புல்லியும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் எழுதியும் வாங்கிவிட்டேன். லாரி என்றால் வியாபாரம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பட்டறைக்காரர் சட்டம் பேசினார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே கேட்க இடம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க 2 வருடம் வரை அவகாசம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

நோட்டீஸ் போனதும் பட்டறையிலிருந்து ஆள் வந்தார். லேபர் வேண்டாம், அடுத்த கிராங்க் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.