வீட்டிலேயே நீச்சல் குளம் கட்ட வாங்கிய கிட்: எது தேறும், எது தேறாது

காட்பாடி தாண்டி லத்தேரி பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடித் தண்ணீர் நிற்கும் அளவுக்கு ஒரு நீச்சல் குளம் கட்டினோம். காண்ட்ராக்டர் யாரும் இல்லை. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டுக் கொடுத்த வரைபடம், எங்கள் ஊர் மேஸ்திரி, கம்பி கட்டும் ஆட்கள், பைப் வேலை முழுக்க நாங்களே. குளத்துக்கு வேண்டிய சாமான்களை மட்டும் சென்னையில் ஒரு கடையில், "எல்லாம் இதிலேயே இருக்கு, நீங்களே கட்டிக்கலாம்" என்று விற்கும் கிட்டாக வாங்கினோம். இந்த விமர்சனம் அந்தக் கிட்டைப் பற்றியது. சுருக்கமாகச் சொல்வதென்றால் தரைக்கு மேலே நிற்கும் சாமான் அருமை, கான்கிரீட்டுக்குள் போகும் சாமான் தேறாது. வாங்கப் போகிறவர்கள் ஃபில்டரைப் பார்த்து மயங்காமல், முந்நூறு நானூறு ரூபாய் மதிப்புள்ள அந்தச் சின்னத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஃபில்டர் சரியில்லை என்றால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம், சுவருக்குள் போன நாசிலை (சுத்தமான தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் வாய்) மாற்ற சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 அங்குல சாண்ட் ஃபில்டர், அதன் தலையில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் ஆறு நிலை மல்டிபோர்ட் வால்வு, முக்கால் ஹெச்பி பம்ப். எங்கள் குளத்தின் கொள்ளளவு 800 கன அடி, அதாவது 22,600 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது கணக்கு, அப்படியானால் மணிக்கு 4,000 லிட்டர் ஓடினாலே போதும், இந்த செட் அதைச் சிரமமில்லாமல் தள்ளுகிறது. சத்தம் குறைவு. பம்பின் முன்னால் இருக்கும் கூடைக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் மூடி இருப்பதால் தென்னம்பூ அடைத்துக்கொண்டால் பார்த்தவுடன் தெரிகிறது, தோப்புக்குள் குளம் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. கேஜில் காட்டும் அழுத்தம், மணல் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் பேக்வாஷ் விட வேண்டும், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலில் சேர்ந்த அழுக்கை வெளியேற்ற வேண்டும், அப்புறம் மணலை அலச அரை நிமிடம் ரின்ஸ். ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்திவிட்டுத்தான் வால்வுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் பிய்ந்துவிடும். இதைக் கிட்டோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும், ஒரு வரிகூட இல்லை.

இனி கான்கிரீட்டுக்குள் போகும் சமாசாரம். தண்ணீர் திரும்பி வரும் நாசில், அடி அழுக்கை உறிஞ்சும் குழாயை மாட்டும் வாக்குவம் பாயின்ட், மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் எல்லாமே லைனர் குளத்துக்கான வகையாக வந்தன. லைனர் என்பது குழிக்குள் விரிக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதைக் கவ்விப் பிடிக்க திருகாணி போட்ட வளையமும் ரப்பரும் அந்த வகையில் இருக்கும், கான்கிரீட், டைல்ஸ் குளத்துக்கு அமைப்பே வேறு. ஆர்டர் போடும்போதே 8 அங்குல கான்கிரீட் சுவர் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். வந்த குழாய்த் துண்டோ 6 அங்குலம்கூட இல்லை. சுவருக்கு நடுவே தண்ணீர் கசியாமல் தடுக்கும் படில் ஃபிளாஞ்ச் ஒன்றுகூட இல்லை. போன் செய்ததும் மாற்றிக் கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை, ஆனால் கம்பி கட்டி சென்ட்ரிங் அடித்து ஆட்கள் காத்திருக்கும் நேரத்தில் பார்சலுக்குக் காத்திருப்பது யாருக்கும் சுலபமில்லை.

அதைவிடப் பெரிய குறை, அடியில் வைக்கும் மெயின் டிரெயின் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்கள். பம்ப் இழுக்கும்போது ஒரு குழந்தை அந்த ஒற்றைத் துளையின் மேல் உட்கார்ந்தாலோ தலைமுடி மாட்டினாலோ மொத்த இழுவிசையும் அங்கேயே விழும், பெரியவர்களாலேயே பிய்த்து எடுக்க முடியாது. உலகம் முழுக்க இதற்கு இரண்டு டிரெயின்களைக் குறைந்தது மூன்றடி தள்ளி வைத்து ஒரே குழாயில் இணைக்கச் சொல்கிறார்கள், ஒன்று மூடிக்கொண்டால் இன்னொன்று வழியாகத் தண்ணீர் போய்விடும். மூடியும் தட்டையாக இல்லாமல் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல மேடாக இருக்க வேண்டும். இரண்டாவது டிரெயினை நாங்கள் தனியாக வாங்கினோம். குழந்தைகள் குளிக்கிற இடத்துக்கு விற்கிற கிட்டில் இதை விட்டுவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிட்டில் இல்லாத இன்னொன்று ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு, நிலத்தடி நீரின் அழுத்தத்திலிருந்து காலிக் குளத்தைக் காப்பது. கேட்டால் "அதெல்லாம் உங்க ஊர் பக்கம் தேவைப்படாதுங்க, அங்க தண்ணியே இல்லையே" என்றார் கடைக்காரர். மே மாதம் வந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும், பாலாறு மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் அதே பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது, எங்கள் பக்கத்துக் கிணறுகளில் குனிந்து மொள்ளும் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் குளத்தின் கான்கிரீட் சுமார் 10 கன மீட்டர், எடை 25 டன் வரும். நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறி நின்றால் காலிக் குளத்தை அது மேலே தள்ளும் விசை 30 டன்னுக்கு மேல். மழைக்காலத்தில் கழுவுகிறேன் என்று முழுக்கக் காலி செய்தால் குளம் அப்படியே கிளம்பி விரிசல் விட்டுவிடும். அந்த வால்வு அடித்தளத்தில் இருந்தால் வெளி அழுத்தம் ஏறும்போது தானே திறந்து நிலத்து நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமன்படுத்தும். இதுவும் கான்கிரீட்டுக்குள் போகிற பொருள்தான், பிறகு சேர்க்க முடியாது.

கட்டுமானத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. மேஸ்திரி நல்ல வேலைக்காரர், ஆனால் ஆரம்பத்தில் "சம்ப் கட்டறாப்பலதானே, செங்கல் வச்சு உள்ள பூசிட்டா ஆச்சு" என்றார். உள்ளே தண்ணீர் இல்லாத நாளில் வெளிமண் தள்ளும், தண்ணீர் நிரம்பிய நாளில் உள்ளேயிருந்து தள்ளும், இரண்டு பக்கத் தள்ளலையும் செங்கல் சுவர் தாங்காது. அதனால் எம்25 கான்கிரீட், இரண்டு அடுக்குக் கம்பி, தரையும் சுவரும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பிவிசி வாட்டர்பார் பட்டை என்று வரைபடத்தில் இருந்தபடியே செய்தோம். தண்ணீர் தேக்கும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 3370 என்று தனி நெறிமுறையே இருக்கிறது, இன்ஜினியரிடம் அதன்படி போடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் நிரப்பி ஒரு வாரம் பாருங்கள். குளத்துத் தண்ணீர் நிற்கும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு பக்கெட்டை குளத்தின் படியில் வையுங்கள், பக்கெட்டில் இறங்கியதைவிடக் குளத்தில் அதிகம் இறங்கினால் கசிவு, இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வேலூர் வெயில்.

தண்ணீர் விஷயத்தில் கிட் இந்த ஊருக்காகத் தயாரானதே இல்லை. எங்கள் போர் தண்ணீர் கடினம், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிற தண்ணீர். கிட்டோடு கொடுத்த குளோரின் கால்சியம் ஹைப்போகுளோரைட். ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரில் இன்னும் கால்சியம் சேர்த்தால் டைல்ஸ் ஓரத்திலும் ஃபில்டர் மணலிலும் உப்புக் கட்டிவிடும், அதோடு பிஹெச்சும் ஏறும். முதல் நிரப்புக்கு 12,000 லிட்டர் லாரி இரண்டு வரவழைத்தோம், லாரித் தண்ணீரையும் சோதித்துவிட்டே உள்ளே விட்டோம். குளோரினுக்கு டிசிசிஏ 90 (கால்சியம் இல்லாத, 90 சதவீதக் குளோரின் வகை) எடுத்துக்கொண்டோம், எங்கள் குளத்தில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற 25 கிராம் போதும். அதில் வெயிலைத் தாங்க உதவும் சயனூரிக் அமிலம் கலந்திருக்கிறது, 30 முதல் 50 பிபிஎம் வரை அது நல்லது. ஆனால் தண்ணீர் ஆவியானாலும் அது போகாது, 10 பிபிஎம் குளோரின் போட்டால் 6 பிபிஎம் இதுவும் சேரும், ஒரு கோடை முழுக்க இதையே போட்டால் அளவு தாண்டிவிடும், அப்புறம் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. அதனால் நடுநடுவே லிக்விட் குளோரின் ஊற்றுகிறோம். அது வெயிலில் வீரியம் இழக்கும், கொஞ்சமாக வாங்கி நிழலில் வைக்க வேண்டும். கால்சியம் வகையையும் டிசிசிஏவையும் ஒரே டப்பாவிலோ ஒரே கரண்டியிலோ கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கிட்டில் இருந்த டெஸ்ட் சொட்டு மருந்து மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ வகை, அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். நமக்குத் தெரிய வேண்டியது மிச்சமிருக்கும் ஃப்ரீ குளோரின், அதற்கு டிபிடி கிட் தனியாக வாங்குங்கள். குளோரின் 1 முதல் 3, பிஹெச் 7.2 முதல் 7.8, இதற்குள் நின்றால் கண் எரியாது.

கரன்ட் செலவைக் கேட்பவர்களுக்கு: பம்ப் ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 5 யூனிட் வரை, இரண்டு மாத பில்லில் 300 யூனிட். ஏற்கெனவே ஏசி ஓடும் வீடு என்றால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், அங்கே கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. தோப்பு இலவச மின்சாரத்தில் ஓட்டலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள், அது விவசாயத்துக்குக் கொடுத்தது, அதில் கை வைக்காதீர்கள். பம்ப் லைனில் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த்திங், விளக்கு போட்டால் 12 வோல்ட், இந்த மூன்றும் கட்டாயம். பேக்வாஷ் தண்ணீரை ஒரு குழியில் தேக்கி வைத்து, குளோரின் போனபின் தென்னைக்கு விடுகிறோம், தென்னை உப்பைத் தாங்கும் மரம், இதுவரை ஒரு மட்டைகூட வாடவில்லை.

கிட்டில் வந்த ஏணி 304 தர ஸ்டீல் என்றார்கள், திருகாணிகளில் துரு தெரிய ஆரம்பித்துவிட்டது. குளோரின் தண்ணீருக்கு 316 தரம்தான் சரி, மாற்றப் போகிறோம். சுற்றிலும் நான்கடி வேலியும், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்ட, தானே சாத்திக்கொள்ளும் கதவும் எங்கள் செலவில் வைத்தோம்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் இதே ஃபில்டர், இதே பம்ப், இதே மல்டிபோர்ட் வால்வை மட்டும் அவர்களிடம் எடுப்பேன். கிட் விலையில் பெரும்பகுதி அதற்கே போகிறது, அதற்கு அது தகும். நாசில், டிரெயின், படில் ஃபிளாஞ்ச், ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு எல்லாம் கான்கிரீட் குளத்துக்கான வகை என்று பில்லிலேயே எழுதி வாங்கி, சென்ட்ரிங் அடிக்கும் முன்பே வீட்டில் வைத்து அளந்து பார்த்துவிடுவேன். ஸ்பைடர் கேஸ்கெட்டும் பம்ப் சீலும் தலா ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள், வேலூரில் தேடினால் இந்த அளவு கிடைப்பதில்லை, கேட்டால் அந்தக் கடை கூரியரில் அனுப்பிவிடுகிறது.