கிடார் விலகியபோது: 'கிட் ஏ'வுக்கு வந்த இரண்டு தீர்ப்புகள்

2000 அக்டோபரில் ரேடியோஹெட் இசைக்குழு 'கிட் ஏ' ஆல்பத்தை வெளியிட்டதும் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' இசைப் பத்திரிகை 5க்கு 1.5 மதிப்பெண்தான் கொடுத்தது. அமெரிக்காவின் 'பிட்ச்ஃபோர்க்' இசை இணையதளம் 10க்கு 10 கொடுத்துக் கொண்டாடியது.

முதல் அணியின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. 1997இல் வந்த இதே குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' கிடார்களின் பலத்தில் எழுந்து நின்ற ஆல்பம். அதைக் காதலித்தவர்கள் இதில் கிடாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் நிக் ஹார்ன்பியின் குறை இன்னும் நியாயமானது: வேலைக்குப் போய் வரும் மனிதர்களிடம் இந்த ஆல்பம் கோரும் பொறுமை மிஞ்சுவதில்லை என்றார்.

ஆனாலும் நான் இரண்டாம் அணியின் பக்கம்தான். முதல் பாடலைக் கேளுங்கள். சின்தசைசரின் சில சுரங்கள் சுற்றிச்சுற்றி வருகின்றன. குழுவின் பாடகர் தாம் யார்க்கின் குரல் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, இரு காதுகளுக்கு நடுவே அலைகிறது. குரலையே வாத்தியமாக்கிய துணிச்சல் அது. நான்காம் பாடலில் குழுவின் கிடார் கலைஞர் ஜானி கிரீன்வுட் 1920களில் பிறந்த ஓந்த் மார்த்தனோ என்ற மின்வாத்தியத்தை மீட்டுகிறார்; அந்த அழுகையை எந்தக் கிடாரிலும் நான் கேட்டதில்லை.

விற்பனைக்கும் குறைவில்லை. தனிப்பாடலாக ஒன்றைக்கூட வெளியிடாமலே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.